மார்ச்சில் பறக்காத அந்துப்பூச்சி

மெரிடூக்
11 நவம்பர் 1991

அன்புள்ள தம்பி ஆல்வினுக்கு,

அக்கா கோரல் எழுதுகிறேன். நானும் உன் அத்தான் மெர்வும் சுகம். எனக்கு முழங்கால் வலி. பள்ளிப் பேருந்தின் கிளட்சை இருபது வருஷம் மிதித்து வந்த வலி, அந்தப் பேருந்து இருக்கும்வரை போகாது. அத்தானுக்குக் கம்பளிக் கிடங்கில் வேலை போய் நாலு மாதம் ஆகிறது. வீட்டில் நன்றாக ஓடும் சாமான்களையெல்லாம் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் ஆஸ்துமா எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி நெரிடா சுகமா? மெல்பர்னில் மழை விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எங்கள் இயற்கைச் சங்கத்தார் ஒன்பது பேர், ரயில் பாதைக்கு மேற்கே இருக்கும் பழைய மேய்ச்சல் நிலத்தில் நடந்தோம். பகல் ஒரு மணி, சுள்ளென்ற வெயில். முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஏதோ விர்ரென்று போயிற்று. பின்னாலேயே இன்னும் நாலைந்து. எங்கள் செயலாளர் க்ளாரி டங்க்ஸ் பறவை ஆள். இறக்கை ஒரு சாண் இல்லாததை அவர் மதிப்பதில்லை.

"வண்ணத்துப்பூச்சிதான். நடங்க" என்றார்.

"வண்ணத்துப்பூச்சின்னா வண்ணம் எங்க?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட எங்க இருக்கோ, அதுக்கும் அங்கதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நடக்கவில்லை.

அப்போது ஒரு மேகம் சூரியனை மறைத்தது. பறந்தவை அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் புல்லுக்குள் இறங்கிவிட்டன. வெயில் வந்தது, மறுபடி எழுந்தன. ஒன்றைத் தொப்பியால் கவிழ்த்துப் பிடித்தேன். முன்சிறகு சாம்பலும் பழுப்பும். பின்சிறகில் வெண்கல மினுக்கு. உடம்பு தடித்து, ரோமத்தோடு, அந்துப்பூச்சியின் உடம்பு. ஆனால் பட்டப்பகலில் பறக்கிற அந்துப்பூச்சியை நான் பார்த்ததில்லை. படம் வரைந்து வைத்திருக்கிறேன். நிலம் நிலமாக நடந்து பூச்சி புழுவைக் கணக்கெடுப்பது உன் பிழைப்பு. பெயர் சொல்.

அந்த நிலத்தைத்தான் ஊர் மன்றம் தானியக் கிடங்கு கட்ட ஒரு நிறுவனத்துக்கு விற்கப்போகிறது. யாரோ நிபுணர் நடந்து பார்த்துவிட்டு அங்கே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முடிவு பிப்ரவரி மூன்றாம் தேதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மெல்பர்ன்
19 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. நாங்கள் சுகம். மழை விட்டது, மகரந்தம் பறக்கிறது, அதனால் மூச்சு கொஞ்சம் இழுக்கிறது. அத்தானின் வேலை விஷயம் வருத்தம் தந்தது.

படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். புல்வெளியில் தாழப் பறக்கும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் பல உண்டு. க்ளாரி சொன்னது சரியாக இருக்கலாம். அந்த வெயிலில் அலைந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஆல்வின்

மெரிடூக்
1 டிசம்பர் 1991

அன்புள்ள ஆல்வினுக்கு,

இங்கே சுகம். நீ மருந்தை ஒழுங்காக இழுக்கிறாயா என்று நெரிடாவையே எனக்கு எழுதச் சொல். உன் வாயால் வரும் பதிலை நம்பமாட்டேன்.

உன் கடிதம் நீ எழுதியது போலவே இல்லை. ஒரு பூச்சியின் கால் ரோமத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதுகிறவன் நீ. போகட்டும். நான் மூன்று தடவை மறுபடி போனேன். எழுதுகிறேன், கேள்.

உணர்கொம்பின் நுனி குண்டாக இருக்கிறது, தீக்குச்சித் தலை போல. அதைப் பார்த்துத்தான் க்ளாரி வண்ணத்துப்பூச்சி என்று அடித்துப் பேசுகிறார். ஆனால் அதற்கு வாய் இல்லை. உறிஞ்சுகுழலே இல்லை. சர்க்கரைத் தண்ணீரை முன்னால் வைத்துப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் வாழ்ந்துவிட்டுச் செத்துப்போகிறது.

பெட்டையையும் கண்டுபிடித்தேன். அது பறப்பதில்லை. புல் குத்துகளுக்கு நடுவே வெறும் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஆண் மேலே போகும்போது முன்சிறகைத் தூக்கிக் காட்டுகிறது. உள்ளே பின்சிறகு ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். நான் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். அவ்வழியே போன பால்வண்டிக்காரர் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார்.

குத்துக் குத்தாக வளரும் வாலபிப் புல்லின் அடியில் கூட்டுப்புழு விட்டுப்போன காலிக் கூடுகள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. இது அங்கேயே பிறந்து வளர்வது. காற்றில் வந்தது இல்லை.

செத்த ஆண் ஒன்றையும் பெட்டை ஒன்றையும் பஞ்சு வைத்துத் தீப்பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். அத்தான் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். அங்கே வரப்போகும் தானியக் கிடங்கில், லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை தருவதாக அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "பூச்சிக்கு வாயே இல்லைங்கிறே. எனக்கு இருக்கே, கோரல்" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இரண்டு நாளாக மனத்தில் நிற்கிறது.

உடனே எழுது.

அக்கா

மெரிடூக்
15 டிசம்பர் 1991

அன்புள்ள ஆல்வின்,

சுகம்தானே? தீப்பெட்டி வந்து சேர்ந்ததா? தபால்காரர் அதை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார், நான் முறைத்தேன். பறப்பு குறைய ஆரம்பித்துவிட்டது. உன் பதில் சீக்கிரம் வேண்டும்.

கோரல்

மெல்பர்ன்
22 டிசம்பர் 1991

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. நெரிடா உங்கள் இருவருக்கும் பண்டிகை வாழ்த்துச் சொல்கிறாள். பழக் கேக் தனியாக வருகிறது.

பெட்டி பத்திரமாக வந்தது. நீ சொன்னது சரி. க்ளாரி சொன்னது தவறு. முதலில் நான் சொன்னதும் தவறு. இது பொன்சூரிய அந்துப்பூச்சி. குண்டு நுனி உணர்கொம்பு, வாயின்மை, பெட்டையின் ஆரஞ்சுப் பின்சிறகு, மூன்றும் சேர்ந்தால் வேறு எதுவும் இல்லை. கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள், சூடான நாளில், நடுப்பகலில், காற்றில்லாதபோது மட்டும் பறக்கும். மண்ணைப் புரட்டாத பழைய புல்வெளி வேண்டும். அத்தகைய நிலம் இந்த மாநிலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். நூறு நிபுணர்கள் குனிந்து பார்க்காததை நீ குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறாய். அக்கா, இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை.

ஒரு வேண்டுகோள். மன்றத்தில் பேசும்போது என் பெயரைச் சொல்ல வேண்டாம். இதே தொழிலில் இருப்பதால் சங்கடம்.

ஆல்வின்

மெரிடூக்
5 ஜனவரி 1992

அன்புள்ள ஆல்வின்,

புது வருஷ வாழ்த்துகள். கேக்கை அத்தான் இரண்டே நாளில் முடித்தார். நான் சுகம். ஐம்பத்தாறு வயதில் துள்ளிக் குதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை உன் கடிதம் வந்த அன்று மறந்தேன்.

கடிதத்தைச் சங்கத்தில் வாசித்தேன், பெயரை விட்டுவிட்டு. க்ளாரி தொப்பியைக் கழற்றி, "சரி, தோத்துட்டேன். ஆனா அதுக்கு இறக்கை இன்னும் சின்னதுதான்" என்றார். மறுநாள் காலை அவரே எண்ணிக்கை குறிக்கும் அட்டையோடு வாசலில் நின்றார். நல்ல வெயில் நாள் நாலில் மட்டும் எண்ணினோம். ஒரே நாளில் அதிகபட்சம் அறுபத்தொன்று. இப்போது முடிந்துவிட்டது. நேற்று ஒன்றுகூட இல்லை. அருங்காட்சியகத்துக்கும் ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். எல்லாரும் விடுமுறையாம், பிப்ரவரி கடைசியில்தான் பார்ப்பார்களாம்.

மன்றத் தலைவர் ரெக்ஸ் பாம்ஃபோர்டைத் தெருவில் பிடித்தேன். "கோரல், நிபுணர் நடந்து பாத்து ஒண்ணுமில்லேன்னு எழுதிட்டாரு. நீங்க பஸ் ஓட்றவங்க. நான் யாரை நம்புறது?" என்றார்.

"நான் பஸ் ஓட்றதாலதான் முன்னாடி என்ன வருதுன்னு பாப்பேன்" என்றேன்.

நன்றாகச் சொன்னேன் என்று வீடு வரும்வரை நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும்தான் அவர் கேட்டது நியாயம் என்று தோன்றியது. நிபுணரை மறுக்க இன்னொரு நிபுணர் வேண்டும். சங்கடம் இருக்கட்டும், நீ வந்து பேச வேண்டும். எந்தக் கழுதை எந்த மாதத்தில் நடந்தான் என்று பார்க்க அறிக்கையைக் கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமாம். பதினேழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். உன்னைப் போல் ஒருவன் நடந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்குமா?

அக்கா

மெல்பர்ன்
12 ஜனவரி 1992

அன்புள்ள அக்கா,

நலம். பிப்ரவரியில் கிழக்கே ஒரு வேலை இருக்கிறது, வருவது கடினம். அறிக்கையில் எல்லாம் தொழில் மொழியாக இருக்கும், படித்துப் பயனில்லை. அதற்காக நீ அலைய வேண்டாம். பூச்சியைப் பற்றி நான் எழுதியதை யார் பெயரும் இல்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும்.

கிளட்ச் இல்லாத வேறு வண்டி தரச் சொல்லிக் கேட்டாயா?

ஆல்வின்

மெரிடூக்
18 ஜனவரி 1992

ஆல்வினுக்கு,

நேற்று அறிக்கையைப் படித்தேன். மூன்று பக்கம். தொழில் மொழி ஒன்றும் இல்லை, எல்லாம் எனக்குப் புரிந்தது. நடந்த நாள் போன வருஷம் மார்ச் இருபது. காலை எட்டரையிலிருந்து பத்துவரை. மேகமூட்டம். பதினாலு டிகிரி. "குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் தென்படவில்லை."

மார்ச் இருபது புதன்கிழமை. காலை ஓட்டம் முடித்து ஒன்பதேகாலுக்கு நான் வீட்டில் இருந்தேன். மேய்ச்சல் நிலத்திலிருந்து எங்கள் வீடு நாலு நிமிடம்.

விண்ணப்பம் என் பெயரில் இருந்ததால் க்ளாரியை உள்ளே விடவில்லை. கதவருகே நின்று, "யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை, தெரியவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

நாங்கள் சுகம்.

கோரல்

மெல்பர்ன்
27 ஜனவரி 1992

அக்கா,

இந்தக் கடிதத்தை ஆறு தடவை தொடங்கினேன். நலம் விசாரித்துத் தொடங்கும் தகுதி இப்போது எனக்கில்லை.

மார்ச்சில் அந்த வேலை வந்தபோது நவம்பரில்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "இருக்கிறதைப் பார். இல்லாததை ஏன் தேடுறே? மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்றார் மேலதிகாரி. வேலைகள் போய்க்கொண்டிருந்த நேரம். பக்கத்து மேஜைகள் இரண்டு காலியாகிவிட்டன. நான் வந்தேன், நடந்தேன். வாலபிப் புல்லைப் பார்த்தேன். அந்தப் புல்லைப் பார்த்ததும் இங்கே என்ன இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தென்படவில்லை என்று எழுதினேன். அது உண்மை. அதை அவர்கள் இல்லை என்று படிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது. வந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்பாய். உன்னிடம் பாதி உண்மை சொல்ல எனக்கு வராது. அதனால் வண்டியை வேறு பக்கம் திருப்பினேன். உன் முதல் கடிதத்தில் படத்தைப் பார்த்த கணமே அது எதுவென்று தெரிந்துவிட்டது. தெரியாதென்று எழுதினேன். எல்லாவற்றிலும் அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நெரிடாவிடம் நேற்று சொன்னேன். "போய் நில்லு. அப்புறம் வீட்டுக்கு வா" என்றாள். மூன்றாம் தேதி வருகிறேன். உன் வீட்டில் தங்கமாட்டேன்.

ஆல்வின்

மெரிடூக்
5 பிப்ரவரி 1992

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். அன்று உனக்கு மூச்சு இழுத்தது, நாலாவது வரிசைவரை கேட்டது. மருத்துவரைப் பார்.

மன்றக் கூட்டத்தில் நீ முன்னால் நின்றதால் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. வாக்கெடுப்புக்கும் நீ நிற்கவில்லை, பக்கக் கதவு வழியாகப் போனதைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

உன் பெயரைச் சொல்லி, மார்ச்சில் நடந்தது நான்தான் என்று நீ சொன்னதும் கூடம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அத்தான் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அவர் கிடங்கு வேண்டும் என்பவர்களோடு எதிர்வரிசையில் இருந்தார். சட்டையில் கிரீஸ் வாசனையோடு சும்மா உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க அன்னைக்குப் பொய் எழுதினீங்களா?" என்று ரெக்ஸ் கேட்டார் அல்லவா. "எழுதினது உண்மைங்க. எழுதாம விட்டதுதான் பொய்" என்று நீ சொன்னாய். அப்போது என் பின்னாலிருந்து யாரோ, "குடும்பமே சேர்ந்து நாடகம் ஆடுது" என்றார். க்ளாரி திரும்பிப் பார்த்து, "நாடகம்னா அந்தாளுக்கு நல்ல வேஷம் குடுத்திருப்பாங்கப்பா" என்றார்.

நீ போனபின் நாற்பது நிமிடம் பேசினார்கள். ரயில் பாதைக்குக் கிழக்கே, ஏற்கெனவே உழுது கோதுமை போட்ட நிலம் இருக்கிறது, சாலையும் பக்கம் என்று அத்தான்தான் எழுந்து சொன்னார். நிறுவனத்து ஆள் முகத்தைச் சுளித்தார், பிறகு வரைபடத்தைக் கேட்டார். ஆதரவு ஐந்து வாக்கு, எதிர்ப்பு நாலு. கிடங்கு கிழக்கே போகிறது. மேய்ச்சல் நிலம் அப்படியே இருக்கும். வேலை ஆரம்பிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும், எடைமேடை வேலை அதுவரை இல்லை. வெளியே வந்ததும் அத்தானிடம், "கோபமா?" என்றேன்.

"இருக்கு. நாளைக்குப் போயிரும்" என்றார். இன்று இரண்டாவது நாள், கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

என் கோபத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. நெரிடாவுக்கு என் அன்பு.

அக்கா

மெல்பர்ன்
14 மார்ச் 1992

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மூச்சு சீராகிவிட்டது, மருந்தை மாற்றினார்கள்.

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். நெரிடாவின் சம்பளம் இருக்கிறது, கவலைப்படாதே. மேஜையைக் காலி செய்தபோது என் பழைய அறிக்கைகளின் பிரதிகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்து வருஷத்து நடை. ஒவ்வொன்றாகத் தேதியைப் பார்த்தேன். ஆகஸ்டில் கத்தும் தவளையை ஜனவரியில் தேடியிருக்கிறேன். செப்டம்பரில் பூக்கும் ஆர்க்கிட்டை மே மாதத்தில். வேறு மாதத்தில் நடந்து, தென்படவில்லை என்று எழுதிய இடங்கள் பதினொன்று. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்தமுறை சரியான மாதத்தில் ஒவ்வொன்றுக்கும் போகப்போகிறேன். பார்த்ததை எழுதி அந்தந்த மன்றத்துக்குக் கொடுப்பேன். வேண்டுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. வளைந்த சாலைகள், நீண்ட தூரம். துணைக்கு ஆள் இருந்தால் நல்லது. உன்னைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

ஆல்வின்

மெரிடூக்
21 மார்ச் 1992

அன்புள்ள ஆல்வின்,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானுக்குப் பள்ளிப் பேருந்துப் பட்டறையில் மூன்று நாள் வேலை கிடைத்திருக்கிறது. முதல் காரியமாக என் கிளட்சைக் கழற்றிவிட்டார்.

உன்னைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறேன். பறவை தெரியாத ஆள் எதற்கு என்று க்ளாரி எதிர்த்தார். வாக்கெடுப்பு வைத்தோம், தோற்றார். பிறகு உறுப்பினர் அட்டையில் உன் பெயரை அவரே அழகாக எழுதினார்.

பட்டியலைச் சாலை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் ஒரு சனி ஞாயிறு பார்த்துத் தவளைக்குப் போகலாம். ஓட்டுவது நான். வழியில் நிறைய பேசுவதற்கு இருக்கிறது, அதில் கொஞ்சம் உனக்குப் பிடிக்காது. கேட்டுக்கொண்டு உட்காருவாய்.

பட்டியலில் நாலாவதாக உள்ள ஆர்க்கிட் இடத்தை எனக்குத் தெரியும். நெட்பால் ஆட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது அங்கே நிறுத்துவேன். அங்கே இப்போது பெட்ரோல் பங்க் நிற்கிறது, பக்கத்தில் கார் கழுவும் இடம், சுற்றிலும் சிமெண்டுத் தரை. நீ எழுதவில்லை என்றாலும் உனக்கும் தெரிந்திருக்கும்.

அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதே. அங்கேயும் போவோம். அந்த ஆர்க்கிட் பூக்க வேண்டிய மாதத்தில் போய், இறங்கி நின்று, பார்த்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
அக்கா